பேக்டரியில் சங்கம் பதிவு செய்யப் போகிறீர்களா? முள் எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்

"ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் சங்கம் ரெடி" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், ஆனால் ஏழு பேரோடு மட்டும் லேபர் ஆபீஸுக்குப் போகாதீர்கள். அது 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் கணக்கு. 2001-ல் வாஜ்பாய் அரசு அதில் கைவைத்து, நிறுவனத்தில் வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும் என்று மாற்றியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இதே கணக்குதான். ஆக 300 பேர் வேலை செய்யும் இடத்தில் 30 பேர் வேண்டும், 2,000 பேர் இருந்தால் 200 வேண்டாம், 100 போதும். 60 பேர் இருக்கும் சின்ன யூனிட் என்றால் 10 சதவீதம் ஆறுதான் வரும், ஆனால் ஏழுக்குக் கீழே இறங்க முடியாது. ஏழு என்ற எண்ணுக்கு மிச்சம் இருக்கும் வேலை இவ்வளவுதான்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. ஒரகடம் பக்கம் ஒரு ஆலையில் (பெயர் வேண்டாமே) நாங்கள் சங்கம் வைக்கப் புறப்பட்டபோது நான்தான் பொருளாளர். உறுப்பினர் கணக்கு தேவைக்கு மேலேயே இருந்தது, ஆனால் விண்ணப்பதாரர்கள் என்ற இடத்தில் ஒன்பது பேர்தான் கையெழுத்துப் போட்டோம். துணிச்சலான ஆட்கள், போதும் என்று நினைத்தோம். இரண்டு வாரத்தில் ஐந்து பேர் "எனக்கும் சங்கத்துக்கும் சம்பந்தம் இல்லை" என்று ஒரே மாதிரி டைப் செய்த தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒருவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. விண்ணப்பம் கொடுத்த பிறகு கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் விலகினாலும் விண்ணப்பம் செல்லும் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் விலகியவர்கள் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஒன்பதில் ஐந்து பாதிக்கு மேல். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஆகவே விண்ணப்பத்தில் குறைந்தது இருபது பேராவது கையெழுத்துப் போடட்டும். வெவ்வேறு ஷிப்ட், வெவ்வேறு டிபார்ட்மென்ட், முடிந்தால் வெவ்வேறு ஊரிலிருந்து கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். ஒரே லைனில் நிற்கும் இருபது பேர் என்றால் ஒரே மதியத்தில் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசிவிடுவார்கள்.

இன்னொரு வழியும் வைத்திருப்பார்கள். கையெழுத்துப் போட்டவருக்கு திடீரென்று சூப்பர்வைசர் பதவி வரும், சம்பளம் பதினெட்டாயிரத்துச் சொச்சம் ஆகும். புதிய தொகுப்பின்படி மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் 'தொழிலாளி' இல்லை. சங்கப் பதிவுக் கணக்குக்கு மட்டும் அவரும் தொழிலாளிதான், ஆனால் தகராறு என்று வந்தால் பதவி உயர்வைக் காட்டியே ஆளைக் கழற்றிவிடலாம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு அந்தப் பதிவு எண் எதற்கு? அதற்குப் பெரம்பூர் வரை போய்வர வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் வேலையை விட்டு நிற்பதே ஒரு காலத்தில் குற்றம். 1859-ல் ஒரு சட்டம் இருந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வரவில்லை என்றால் முதலாளி மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம், மாஜிஸ்ட்ரேட் வேலைக்குப் போ என்று உத்தரவு போட்டும் போகாவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில். இந்தப் பக்கம் முதலாளி வாக்குத் தவறினால் அவருக்கு ஜெயில் கிடையாது. அந்தச் சட்டம் புத்தகத்தில் இருக்கும்போதுதான், 1918 ஏப்ரலில், பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகிறது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு பேர் அங்கே வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்திச் சபை நடத்திவந்தார்கள். அங்கே வரும் தொழிலாளர்கள் ஆலைக்குள் நடப்பதைச் சொல்லிச் சொல்லி, மதியச் சோற்றுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கொட்ட, அவர்கள் போய் அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். திரு.வி.க.வும் சேர்ந்தார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் சங்கம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

1920-ல் கதவடைப்பு. பின்னி கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியா மேல் வழக்குப் போட்டது. என்ன குற்றம்? தொழிலாளிகளை வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார் என்பது. நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது, கம்பெனி பெரிய தொகையை நஷ்டஈடாகவும் கேட்டது, கடைசியில் வாடியா தொழிற்சங்க வேலையை விட்டே விலக வேண்டியதாயிற்று. எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்: பிரிட்டனில் இதே மாதிரி 1901-ல் டாஃப் வேல் ரயில்வே கம்பெனி சங்கத்தின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்து, அது பெரிய கொந்தளிப்பாகி, 1906-லேயே அங்கே சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களின் கம்பெனி இங்கே 1920-ல் அதே பழைய ஆயுதத்தை எடுத்து அடிக்கிறது, ஏனென்றால் 1906 சட்டம் கப்பல் ஏறி இங்கே வரவில்லை.

தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921-ல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, ஐந்து வருடம் இழுத்து, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 17, 18-ம் பிரிவுகள் வாடியாவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்று எழுதப்பட்டவை. பதிவு பெற்ற சங்கத்தின் பொறுப்பாளர்கள் மேல் சதி வழக்கு எளிதில் போட முடியாது, தொழில் தகராறின் பேரில் வேலையை விட்டு வரச் சொன்னார் என்பதற்காக மட்டும் நஷ்டஈடு கேட்க முடியாது. புதிய தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. பதிவு எண் இல்லாமல் நோட்டீஸ் அடித்து கேட்டில் நின்றால் நீங்கள் 1920-ல் நிற்கிறீர்கள். எண் கைக்கு வருகிற வரைக்கும் வாயை அடக்கி வேலை செய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

விண்ணப்பத்துக்கு வருவோம். சங்கத்தின் பெயர், தலைமை அலுவலக முகவரி (யாராவது ஒருவர் வீடாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்காரர் சம்மதம் வாங்கிவிடுங்கள்), விண்ணப்பதாரர்களின் பெயர், வேலை, முகவரி, பொறுப்பாளர்களின் விவரம், சங்க விதிகளின் நகல், அந்த விதிகளை உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்ட தீர்மானம், விண்ணப்பிக்க இன்னாருக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானம், ஒரு பிரமாணப் பத்திரம். படிவமும் கட்டணமும் மாநில விதியைப் பொறுத்தவை, அன்றைய நிலவரத்தை லேபர் ஆபீஸிலேயே கேட்டு வாங்குங்கள், பழைய சங்கத்துக்காரர் கொடுக்கும் ஜெராக்ஸை நம்பி நிரப்பாதீர்கள்.

இதில் ஆட்கள் தடுக்கி விழுவது தீர்மானத்தில். முதலில் மினிட் புத்தகம் ஒன்று வாங்கி, பக்க எண் போட்டு, பொதுக்குழு கூடிய தேதி, இடம், வந்தவர்கள் கையெழுத்து எல்லாம் அன்றைக்கே எழுதுங்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், விதியை ஏற்றுக்கொண்ட தேதிக்கு முன்னாலேயே விண்ணப்பத்தில் கையெழுத்து விழுந்திருக்கும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்று போதும். அப்புறம் பெயர். கம்பெனி அடையாள அட்டையில் 'முருகன் எஸ்', ஆதாரில் 'எஸ். முருகேசன்', நம் பட்டியலில் 'முருகேஷ்'. இப்படி ஒருவர் என்றால் சமாளிக்கலாம், எங்கள் பட்டியலில் பதினோரு பேர் இருந்தார்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதி, எம்ப்ளாயி நம்பரையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

சங்கத்துக்கு வைக்கும் பெயரும் சண்டையாகும் என்பதை சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் பார்த்தோம். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது, பதிவு இழுத்துக்கொண்டே போனது, 2024 செப்டம்பர் 9-ம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள், ஐந்து வாரம் பந்தலில் உட்கார்ந்தார்கள், விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி கடைசியில்தான் பதிவுச் சான்று வந்தது. இன்னொரு பதிவு பெற்ற சங்கத்தின் பெயரோடு குழப்பம் வரும்படி இருந்தால் பெயரை மாற்றச் சொல்ல பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. அது வேறு, கம்பெனிக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு. பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் அந்தச் சண்டைக்கு ஆறு மாதம் ஆகலாம் என்று கணக்குப் போட்டு வையுங்கள்.

வெளியாள் கணக்கு ஒன்று இருக்கிறது. பொறுப்பாளர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதுவரைதான் வெளியிலிருந்து வரலாம். ஒன்பது பொறுப்பாளர் என்றால் மூன்று பேர். அமைப்புசாரா தொழில் என்றால் பாதி வரை போகலாம். ரிட்டயர் ஆனவரும் ஆட்குறைப்பில் போனவரும் வெளியாள் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் டிஸ்மிஸ் ஆனவர் பற்றி அந்த வரியில் ஒரு சொல்லும் இல்லை, சங்கம் ஆரம்பித்ததற்காக முதலில் டிஸ்மிஸ் ஆகப்போவது யார் என்று யோசித்தால் அந்த மௌனத்தின் விலை புரியும். வாடியாவும் திரு.வி.க.வும் ஒரு நாளும் தறி ஓட்டியவர்கள் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தலைவர் பதவிக்கு ஒரு மூத்த வெளியாள், செயலாளரும் பொருளாளரும் உள்ளே இருப்பவர்கள் என்பதுதான் பலரும் வைக்கும் கலவை.

பதிவு வந்துவிட்டது, இனிப்பு கொடுத்தாகிவிட்டது. மறுநாள் கோரிக்கை மனுவை எடுத்துக்கொண்டு எச்.ஆர். ரூமுக்குப் போனால் "உங்கள் சங்கத்தை நாங்கள் அங்கீகரிக்கவில்லை" என்பார். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. இந்த ஓட்டை சாதாரண ஓட்டை இல்லை. 1947-ல் முதலாளி சங்கத்தை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது, நிறைவேறியதோடு சரி, அமலுக்கு வரும் தேதியை யாரும் அறிவிக்கவே இல்லை. மகாராஷ்டிரம் 1971-ல் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டது, தமிழ்நாட்டில் அப்படி எதுவும் வரவில்லை. உச்ச நீதிமன்றமும் 1961-ல் வங்கி ஊழியர் வழக்கில், சங்கம் வைக்கும் உரிமை அடிப்படை உரிமை, ஆனால் அதற்குள் கூட்டுபேர உரிமையோ வேலைநிறுத்த உரிமையோ அடங்காது என்று சொல்லிவிட்டது. வீடு கட்டிக்கொள்ளலாம், வாசற்படி வைக்கும் உரிமை மட்டும் தனி.

புதிய தொகுப்பு இதைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது, அதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சங்கம் இருந்தால், விதிகளில் சொல்லும் நிபந்தனைப்படி, அதோடுதான் பேச வேண்டும். பல சங்கம் இருந்தால் மஸ்டர் ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) 51 சதவீதம் வைத்திருப்பதுதான் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லை என்றால் 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 49 சதவீதம் வைத்திருந்தால் தனியாகப் பேச முடியாது, பக்கத்தில் கம்பெனியே தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒரு சங்கம் 20 சதவீதத்தோடு உட்கார்ந்திருக்கும். முதலாளி தானே சங்கம் உருவாக்குவது நியாயமற்ற தொழில் நடைமுறைகளின் பட்டியலில் இருக்கிறதுதான், நிரூபிப்பது உங்கள் பாடு. அதனால் பதிவு ஆனவுடன் சந்தாவைக் குறைத்து வைத்தாவது உறுப்பினர் சேர்ப்பை நிறுத்தாதீர்கள், 51-ஐத் தொட்டும் நிறுத்தாதீர்கள், 60-க்கு மேல் போனால்தான் நிம்மதி.

இனி வேலைநிறுத்தம். இந்தப் பகுதியை காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1929-ல் பிரிட்டிஷ் அரசு தொழில் தகராறு மசோதா கொண்டுவந்தது. ரயில், தபால், தண்ணீர் மாதிரி பொதுப் பயன்பாட்டுச் சேவையில் இருப்பவர்கள் 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் நின்றால் ஒரு மாதம் வரை ஜெயில். அடுத்த தொழிலில் இருப்பவருக்கு ஆதரவாக நின்று அரசை நெருக்குவதும் சட்டவிரோதம். பகத் சிங்கும் பதுகேஸ்வர் தத்தும் 1929 ஏப்ரல் 8-ம் தேதி டெல்லி சட்டசபையில் குண்டு வீசியது இந்த மசோதா நிறைவேறிய அன்றுதான். போர்க்காலத்தில், 1942-ல், 81-ஏ என்ற ஒரு விதியைப் போட்டு முன்னறிவிப்பையும் கட்டாயத் தீர்ப்பாயத்தையும் எல்லாத் தொழிலுக்கும் விரித்தார்கள். போர் முடிந்தது, அந்த விதியின் சாரம் 1947 தொழில் தகராறு சட்டத்துக்குள் குடிவந்தது, ஆனால் முன்னறிவிப்புக் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைக்கு மட்டும் என்று சுருங்கியது. சாதாரண பேக்டரித் தொழிலாளி சமரசமோ வழக்கோ ஒப்பந்தமோ நடப்பில் இல்லாத நேரத்தில் நோட்டீஸ் இல்லாமலே நிற்க முடிந்தது. இப்போதைய தொகுப்பு அதே 14 நாளை எல்லா நிறுவனத்துக்கும் கொண்டுவந்துவிட்டது. சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். தூண்டியவருக்கு 10,000 முதல் 50,000. அந்த ஒரு மாதம் 1929-லிருந்து அப்படியே இருக்கிறது.

இனி கணக்கைப் பாருங்கள். நீங்கள் 1-ம் தேதி நோட்டீஸ் கொடுத்து 17-ம் தேதி முதல் வேலைநிறுத்தம் என்கிறீர்கள். 9-ம் தேதி அரசின் சமரச அதிகாரி இரு தரப்பையும் கூப்பிடுகிறார். அந்த முதல் கூட்டம் நடந்த நிமிடத்திலிருந்து சமரசம் நடப்பில் இருக்கிறது, அது முடிந்து ஏழு நாள் ஆகும்வரை நிற்கக் கூடாது. சரி, சமரசம் தோற்றது, ஏழு நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், ஐந்தாம் நாள் கம்பெனி நேராகத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுவிட்டது. முன்பெல்லாம் இதற்கு அரசு பரிந்துரைக்க வேண்டும், இப்போது எந்தத் தரப்பும் தானே போகலாம். தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கும் வரைக்கும், அதற்கு மேல் 60 நாளும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். வேலைநிறுத்தத்துக்குத் தடை என்று எங்கேயும் எழுதவில்லை, ஆனால் சட்டப்படி நிற்கும் தேதியைக் காலண்டரில் தேடினால் கிடைக்காது. எல்லோரும் ஒரே நாளில் கேஷுவல் லீவு போடலாம் என்ற பழைய யோசனையும் போயிற்று, 50 சதவீதமோ அதற்கு மேலோ சேர்ந்து லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். சம்பளப் பிடித்தம் தனி. பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி நோட்டீஸ் இல்லாமல் வராவிட்டால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்று 1936-லேயே எழுதி வைத்தார்கள், "ஒரு நாளுக்கு எட்டு நாள்" என்று எச்.ஆர். மிரட்டுவது அதை வைத்துத்தான்.

அப்படியானால் என்ன செய்வது? நோட்டீஸை நிற்பதற்காகக் கொடுக்காதீர்கள், அதிகாரியைக் கூட்டம் போட வைப்பதற்காகக் கொடுங்கள். சமரசம் நடக்கும்போது உங்கள் கை கட்டியிருக்கிற மாதிரி கம்பெனி கையும் கட்டியிருக்கிறது, தகராறு சம்பந்தப்பட்ட வேலை நிலைமைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது, ஆளைத் தூக்குவதற்கும் அனுமதி அது இது என்று படி ஏற வேண்டும். அந்த நாட்களில் கருப்பு பேட்ஜ், கேன்டீன் சாப்பாட்டைப் புறக்கணிப்பது, ஷிப்ட் முடிந்து வாயிற்கூட்டம் என்று உற்பத்தியைத் தொடாத வேலைகளைச் செய்யலாம். வாசலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கூடக் கூடாது என்று சிவில் கோர்ட்டில் தடை வாங்குவது இன்றும் வழக்கம், அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு மைக் கட்டுங்கள்.

அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நின்றபோது, எஸ்மாவை (அத்தியாவசியச் சேவைகள் பராமரிப்புச் சட்டத்தை) அவசரச் சட்டத்தால் இறுக்கி, ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை விசாரணை இல்லாமல் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோரைத் திரும்ப எடுக்க வைத்தது, கூடவே அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ கிடையாது என்றும் எழுதியது. மாதக் கடைசியில் அந்த வீடுகளில் எப்படி இருந்தது என்று அந்தத் தலைமுறை வாத்தியார் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

பேச்சுவார்த்தை முடிந்து கையெழுத்துப் போடும் இடம். நம்மாட்கள் "பன்னிரண்டு மூணு", "பதினெட்டு ஒண்ணு" என்று சொல்வது 1947 சட்டத்தின் பிரிவு எண்கள். எண்கள் மாறிவிட்டன, விஷயம் மாறவில்லை. சமரச அதிகாரி முன்னால் போடும் ஒப்பந்தம் ஆலையில் உள்ள எல்லாத் தொழிலாளிக்கும் பொருந்தும், இனிமேல் சேரப்போகிறவருக்கும் பொருந்தும். கம்பெனி ரூமில் தனியாகப் போடுவது கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டும். அதனால் முடிந்தவரை அதிகாரி முன்னால் போடுங்கள். காலம் எவ்வளவு என்பதைச் சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் பாருங்கள். மூன்று வருடம் என்று இருந்த இடத்தில் நான்கு என்று டைப் ஆகியிருந்தால், அந்த ஒரு வருடத்துக்கும் ஒப்பந்தத்தில் உள்ள விஷயங்களுக்காக நிற்க முடியாது.

கடைசியாக ரசீதுப் புத்தகம். எங்கள் இரண்டாவது விண்ணப்பத்தைக் காப்பாற்றியது அதுதான். உறுப்பினர் எண்ணிக்கை பொய் என்று ஆட்சேபம் வந்தபோது நான் அடிக்கட்டைகளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். நம்பர் அச்சடித்தது, இரண்டு ஷிப்டுக்கு இரண்டு புத்தகம், ஒவ்வொரு அடிக்கட்டையிலும் பெயர், எம்ப்ளாயி நம்பர், தொகை, தேதி, அவரவர் கையெழுத்து. அதிகாரி எச்சில் தொட்டுத் தொட்டுத் திருப்பி 74-ம் நம்பரில் நிறுத்தினார், அது கிழித்துக் கெட்டுப்போன ரசீது. "ரத்து" என்று குறுக்கே எழுதி, கிழிந்த தாளையும் அங்கேயே பின் அடித்து வைத்திருந்தேன். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். கெட்டுப்போன ரசீதைக் கசக்கி எறியாதீர்கள்.